மலையில் போட்டது ஏரியில் தெரியும்

தாப்பாவிலிருந்து பழைய சாலையில் ஏறினால் கேமரன் மலையில் முதலில் வரும் ஊர் ரிங்லெட். ஊரைத் தாண்டியதும் ஏரி. வெளியூர்க்காரர்கள் காரை நிறுத்திப் படம் எடுக்கிறார்கள். அது தானாக உண்டான ஏரி அல்ல. 1963இல் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அபு பக்கார் அணை பெர்தாம் ஆற்றை மறித்ததால் தேங்கிய தண்ணீர். அது சுரங்கம் வழியே பேராக் பக்கம் போய் ஜோர் நிலையத்தில் மின்சாரமாகிறது.

மேலே பிரிஞ்சாங், தானா ராத்தா, ஹாபு, இடையிடையே காய்கறித் தோட்டங்கள். அங்கெல்லாம் கால்வாயில் விழுவது ஆற்றில் இறங்கி இங்கேதான் வந்து நிற்கும். பெருமழைக்கு மறுநாள் கரையோரம் பார்த்திருக்கிறேன். தண்ணீர் போத்தல், பொலிஸ்டிரின் பெட்டி, உரச் சாக்கு, கூடாரத்திலிருந்து கிழிந்த பிளாஸ்டிக், பூச்சிமருந்து டப்பா எல்லாம் மிதக்கும். மின்சார வாரியம் ஆண்டுக்கணக்கில் தூர் வாருகிறது. அள்ள அள்ள வருகிறது.

2013 அக்டோபர் 23ஆம் தேதியை இந்தப் பக்கத்து மக்கள் மறக்க மாட்டார்கள். கனமழையில் ஏரி நிரம்பி, இரவில் அணையைத் திறந்துவிட, கீழே பெர்தாம் பள்ளத்தாக்கில் சேற்று வெள்ளம் புகுந்தது. உயிர்கள் போயின, வீடுகளும் வாகனங்களும் போயின. அதற்குக் குப்பைதான் காரணம் என்று சொல்ல வரவில்லை. காட்டை வெட்டிய சரிவுகளிலிருந்து வந்த மண்தான் ஏரியின் வயிற்றை அடைத்த பெரிய குற்றவாளி. ஆனால் வயிறு சுருங்கிப்போன ஏரிக்குள் நம் பங்குக்கு நாமும் திணிக்கிறோமே, அதைத்தான் கேட்கிறேன்.

குப்பை என்றதும் சுற்றுப்பயணிகளைக் கைகாட்டுவோம். அவர்கள் இல்லையென்றால் கொங்சியில் தங்கும் அந்நியத் தொழிலாளர்கள். சரி, லயத்துக்குப் பின்னால் ஓடும் கால்வாயில் கிடப்பது யாருடையது? பெரியவர்கள் காலத்தில் வீட்டுக் கழிவு என்றால் வாழை இலை, தேங்காய் மட்டை, அடுப்புச் சாம்பல். கால்வாயில் கொட்டினாலும் மக்கிப் போகும். கழுவிவிடத் தோட்டத்தில் ஆளும் இருந்தார். இன்று கொட்டும் கை அதேதான், பொருள் மட்டும் வேறு. ஞாயிறு காலை நாலு பேருக்கு பொங்குஸ் வாங்கினால் தேத்தண்ணிக்கு ஒரு பை, குழம்புக்கு ஒரு பை, சாம்பாருக்கு ஒரு பை, எல்லாவற்றுக்கும் வெளியே இன்னொரு பை. தூக்குச்சட்டி கொண்டுபோனால் கடைக்காரர் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டார்!

சட்டம் இல்லாமல் இல்லை. திடக்கழிவுச் சட்டம் பகாங்கிலும் 2011 முதல் நடப்பில் இருக்கிறது. வீட்டிலேயே தாள், பிளாஸ்டிக், போத்தல், டின்களைப் பிரித்து வைக்க வேண்டும் என்பது 2015 செப்டம்பர் முதல் கட்டாயம். ஆனால் தொட்டி லயத்திலிருந்து தூரத்தில், மூடி இல்லாமல், குரங்குக்கும் நாய்க்கும் விருந்தாக இருந்தால் யார் பிரித்து என்ன பயன்? மூடியுள்ள தொட்டி கேட்டு நிர்வாகத்துக்கும் மாவட்ட மன்றத்துக்கும் எழுத வேண்டியது குடியிருப்போர்தான்.

ஆண்டுக்கொரு முறை கோத்தோங் ரோயோங் நடத்தி, டி-சட்டை போட்டுப் படம் எடுப்பதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. அக்டோபர், நவம்பர் மழைக்கு முன்னால் ஒவ்வொரு லயத்துக் கால்வாயும் ஆற்றில் சேரும் இடத்தில் ஒரு கம்பிவலை கட்டிப் பாருங்கள். ஒரே வாரத்தில் எந்தக் கடைப் பை, எந்த வீட்டுப் பால்டின் என்று ஊருக்கே தெரிந்துவிடும். ஒன்று மட்டும் கவனம். அள்ளாமல் விட்டால் கால்வாய் அடைத்துத் தண்ணீர் குசினிக்குள் வரும். ஆகவே எந்த வாரம் எந்த வீடு அள்ளுவது என்று முதலில் எழுதி ஒட்டுங்கள், வலையைப் பிறகு வாங்கலாம்.