கத்தினால்தான் கேட்குமா?

இந்த முறை ஒரு பாட்டு. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அதன் வீடியோவை ஹால் டிவியில் போட்டுவிடாதீர்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பாட்டின் பெயர் 'பார்ன் ஃப்ரீ'. 2010 ஏப்ரலில் வந்தது. பாடியவர் மாதங்கி அருள்பிரகாசம், உலகத்துக்கு எம்.ஐ.ஏ. 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்தில் ஏ.ஆர். ரகுமானோடு 'ஓ... சாயா' பாடினாரே, அவரேதான். 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டை எங்கேயாவது ஒரு ஷாப்பிங் சென்டரில் நீங்களும் கேட்டிருப்பீர்கள். ஆனால் 'பார்ன் ஃப்ரீ'யை முழுசாகக் கேட்ட தமிழர்கள் குறைவு. ஏனென்றால் அது நாம் பாட்டு என்று சொல்கிற எதைப் போலவும் இருக்காது. தடதடவென்று ஒரே தாளம், கரகரவென்று ஒரு கீபோர்டு, அதற்கு மேல் ஒரு பெண்ணின் கத்தல். அவ்வளவுதான்.

கிரான்பர்னில் எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளி ஒரு யாழ்ப்பாணக் குடும்பம் இருக்கிறது. அவர்களுடைய மகள் பள்ளியில் ஊடகம் பற்றிய ஒரு அசைன்மென்ட்டுக்கு எம்.ஐ.ஏ.வை எடுத்துக்கொண்டாள். அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. நான் தமிழ்நாட்டுக்காரன், கம்ப்யூட்டர் வேலை, 'இதெல்லாம் உமக்குத் தெரியும்தானே' என்று என்னிடம் வந்தார்.

"தம்பி, இவள் எங்கட பிள்ளை எண்டுதான் எல்லாரும் சொல்லினம். பிறகு ஏன் இப்பிடிக் கத்துறாள்? கொஞ்சம் ஆறுதலாச் சொன்னா ஆக்கள் கேக்க மாட்டினமோ?"

நல்ல கேள்வி. அக்காவிடம் அன்றைக்கு அரைகுறையாகச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் பங்க் என்றால் என்ன? 1970களின் நடுவில் நியூயார்க்கிலும் லண்டனிலும் கிளம்பிய இசை என்பார்கள். நம்ம ஆஸ்திரேலியாவும் சளைத்ததில்லை. பிரிஸ்பேனில் 'தி செயின்ட்ஸ்' என்ற பையன்கள் 1976லேயே தங்கள் முதல் ரெகார்டைச் சொந்தச் செலவில் வெளியிட்டார்கள். அப்போது குயின்ஸ்லாந்தில் ஜோ பியல்கே பீட்டர்சன் ஆட்சி. 1977ல் தெருவில் ஊர்வலம் போவதையே தடை செய்த அரசு அது. பெரிய ரேடியோக்கள் இந்த மாதிரிக் குரல்களைக் கண்டுகொள்ளவில்லை. அந்த ஊர் மாணவர்கள் 1975 டிசம்பரில் 4 இஸட் இஸட் இஸட் என்று ஒரு ரேடியோவையே தொடங்கிவிட்டார்கள். பங்க்கின் அடிப்படை இதுதான். நன்றாக வாசிக்கத் தெரிய வேண்டாம், மூன்று கார்டு தெரிந்தால் போதும். மேடை தரவில்லையா, நீயே மேடை போடு.

நமக்கும் இது ரொம்ப அந்நியம் இல்லை. கூத்தில் கட்டியங்காரன் வருவான். ராஜா வேஷம் கட்டியவர் பக்கத்திலேயே நின்றுகொண்டு ராஜாவைக் கிண்டல் பண்ணுவான். ஊர்ப் பெரிய மனுஷனையும் சேர்த்து இழுப்பான். கொச்சையாகப் பேசுவான், சபை சிரிக்கும். கிண்டலோடு கோபத்தையும் சேர்த்து, ஆம்ப்ளிஃபையரில் சொருகினால் கிட்டத்தட்ட பங்க்.

இப்போது 2009க்கு வருவோம்.

அந்த வருஷம் தொடக்கத்தில் எம்.ஐ.ஏ. புகழின் உச்சியில் இருந்தார். பிப்ரவரி 8ம் தேதி கிராமி மேடையில் நிறைமாத வயிற்றோடு பாடினார். அன்றைக்குத்தான் பிரசவத்துக்கு டாக்டர் குறித்த நாள். அதற்கு முந்தைய மாதமே ஆஸ்கர் பரிந்துரை. அமெரிக்க டிவியில் அவரைக் கூப்பிட்டுப் பேசவைத்தார்கள். அவர் வன்னியைப் பற்றிப் பேசினார். உடனே 'பாட்டுக்காரிக்கு அரசியல் எதற்கு', 'புலி ஆதரவாளர்' என்று ஆரம்பித்துவிட்டார்கள். அவருடைய அப்பா ஈரோஸ் இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் என்பது அதற்கு வசதியாகப் போனது.

வன்னியில் அப்போது என்ன நிலைமை? 2008 செப்டம்பரிலேயே ஐ.நா. ஊழியர்களைக் கிளிநொச்சியை விட்டு வெளியேறச் சொல்லிவிட்டது அரசு. சுதந்திரமான நிருபர்களுக்குப் போர்ப் பகுதிக்குள் அனுமதி இல்லை. கொழும்பில் 'சண்டே லீடர்' ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க 2009 ஜனவரி 8ம் தேதி பட்டப்பகலில் கொல்லப்பட்டார். கடைசி மாதங்களில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்பதை மறுக்க முடியாது என்று ஐ.நா. நிபுணர் குழு 2011ல் எழுதியது. நடக்கும்போது அதைப் பார்க்கக் கண்கள் இல்லை.

அக்கா சொன்னார்: "அந்த மே மாசம் இரவிரவா ரீவியை மாத்தி மாத்திப் பாத்தனான் தம்பி. ஒரு சனலிலையும் எங்கட சனம் இல்லை."

எனக்குத் தெரிந்த 2009 வேறு. நான் தமிழ்நாட்டில் இன்ஜினியரிங் மாணவன். ஹாஸ்டல் டிவி ரூமில் சேனல்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஆளுக்கொரு கட்சி, கட்சிக்கொரு சேனல். மே 13ம் தேதி தேர்தல். ஏப்ரல் 27 காலையில் முதல்வர் கருணாநிதி அண்ணா சமாதியில் உண்ணாவிரதம் உட்கார்ந்தார், மதியத்துக்குள் முடித்துக்கொண்டார். ஒரு சேனலில் அது சரித்திரம், அடுத்த சேனலில் அது நாடகம். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்த எங்களுக்கு முள்ளிவாய்க்காலில் அன்றைக்கு என்ன நடந்தது என்று மட்டும் தெரியவில்லை. அக்காவின் டிவியில் செய்தியே இல்லை; எங்கள் டிவியில் செய்தி நிரம்பி வழிந்தது. முடிவில் இரண்டு பேருக்கும் தெரிந்தது ஒன்றுதான்.

போர் முடிந்து மூன்று மாதம் கழித்து, 2009 ஆகஸ்டில், பிரிட்டனின் சேனல் 4 ஒரு செல்போன் வீடியோவை ஒளிபரப்பியது. கண் கட்டி, கை கட்டி, நிர்வாணமாக உட்காரவைக்கப்பட்டவர்களைச் சீருடைக்காரர்கள் சுடுகிற காட்சி. போலி என்றது இலங்கை அரசு. ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் தடயவியல், வீடியோ, துப்பாக்கி என மூன்று துறை வல்லுநர்களை வைத்து ஆராய்ந்தார். அது உண்மையான பதிவு என்பதற்கே சான்றுகள் இருப்பதாக 2010 ஜனவரியில் அறிவித்தார். உலகம் ஒரு நாள் முகம் சுளித்தது. பிறகு வேறு செய்திக்குப் போய்விட்டது.

மூன்றே மாதத்தில் 'பார்ன் ஃப்ரீ' வந்தது. பாட்டின் அடியில் ஓடும் கரகர ஒலி 'சூசைட்' என்ற நியூயார்க் இரட்டையரின் 1977ம் வருஷத்து 'கோஸ்ட் ரைடர்' பாட்டிலிருந்து எடுத்தது. கிட்டார் கூட இல்லாத பங்க் குழு அது. வீடியோவை இயக்கியவர் ரோமெய்ன் காவ்ராஸ். அமெரிக்கக் கொடி தைத்த சீருடையில் படையினர் ஒரு குடியிருப்புக்குள் புகுந்து, செம்பட்டை முடி உள்ளவர்களை மட்டும் பிடித்து, பஸ்ஸில் ஏற்றி, பாலைவனத்தில் இறக்கி விரட்டுகிறார்கள். ஒரு சிறுவனைச் சுடுகிறார்கள். செம்பட்டை முடிக்காக ஒரு கூட்டத்தை அழிப்பார்களா, அபத்தம் என்று பார்ப்பவர் நினைக்க வேண்டும். அப்படியானால் மொழிக்காக, பெயருக்காக அழிப்பது மட்டும் அபத்தம் இல்லையா என்பது பாட்டு கேட்காமல் கேட்கிற கேள்வி.

யூடியூப் அந்த வீடியோவை எடுத்தது, வயது வரம்பு போட்டது. பத்திரிகைகள் கொதித்தன. அப்போது எம்.ஐ.ஏ. சொன்னதன் சாரம்: இது போலி ரத்தம், தக்காளி சாஸ், நிஜமாகச் சுட்டுக் கொன்ற வீடியோவுக்கு வராத கோபம் இதற்கு ஏன் வருகிறது?

அக்காவின் கேள்விக்கு என் பதில் இங்கேதான் இருக்கிறது. ஆறுதலாகச் சொல்லிப் பார்க்காமல் இல்லை. சொன்னார்கள், மனு கொடுத்தார்கள், உலகமெங்கும் நாடாளுமன்ற வாசல்களில் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். அப்போது திரும்பாத கேமரா, கத்தியபோது திரும்பியது. இந்தப் பாட்டு செய்தி சொல்ல வந்ததில்லை. எதைக் கண்டு அதிர்ச்சியாக வேண்டும் என்பதை நமக்காக யார் முடிவு செய்கிறார்கள் என்று காட்டிக்கொடுக்க வந்தது. 2007ல் டேவிட் லெட்டர்மேன் நிகழ்ச்சியில் 'பேப்பர் பிளேன்ஸ்' பாடியபோது அதிலுள்ள துப்பாக்கிச் சத்தத்தை மாற்றிவிட்டார்கள். 2010 ஜூலையில் அதே நிகழ்ச்சிக்குப் போய் 'பார்ன் ஃப்ரீ' பாடினார். பக்கத்தில் கீபோர்டு வாசித்தவர் 'சூசைட்' குழுவின் மார்ட்டின் ரெவ்.

இதோடு முடித்தால் இது வெறும் ரசிகர் கட்டுரை ஆகிவிடும். மீதிக் கதையும் இருக்கிறது.

2010 மே மாதம் 'நியூயார்க் டைம்ஸ்' வார இதழ் அவரைப் பற்றி நீண்ட கட்டுரை போட்டது. புரட்சி பேசிக்கொண்டே ஆடம்பர ஹோட்டலில் டிரஃபிள் வாசனை போட்ட உருளைக்கிழங்கு வறுவல் சாப்பிடுகிறார் என்று ஒரு வரி. எம்.ஐ.ஏ. இரண்டு காரியம் செய்தார். ஒன்று, நிருபரின் போன் நம்பரை ட்விட்டரில் போட்டார். அது அநியாயம், எந்தக் கோபத்துக்கும் அது பதில் இல்லை. இரண்டாவது, பேட்டியைத் தானும் பதிவு செய்திருந்தார். அந்த ஒலிப்பதிவை வெளியிட்டார். வறுவலை வரவழைக்கலாம் என்று சொன்னதே நிருபர்தான் என்பது அதில் கேட்டது. பேட்டியின் வெவ்வேறு இடங்களில் சொன்னவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டோம் என்று பத்திரிகையும் பிறகு ஆசிரியர் குறிப்பு போட்டது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. சிஸ்டம் படுத்துவிட்டால் ஆளாளுக்கு ஒரு கதை சொல்வார்கள். சீனியர் ஒருத்தர் வந்து கேட்பார்: 'லாக் எங்கே?' எந்த நொடியில் எது நடந்தது என்று இயந்திரம் தானே எழுதிவைத்த பதிவு அது. அதைப் பார்த்த பிறகு பாதிக் கதைகள் அடங்கிவிடும். வறுவல் விஷயத்தில் எம்.ஐ.ஏ.விடம் லாக் இருந்தது. சேனல் 4 வீடியோவுக்கு ஆல்ஸ்டன் செய்ததும் அதுதான்.

அதே எம்.ஐ.ஏ. 2020 மார்ச்சில், கொரோனா பரவிக்கொண்டிருந்தபோது, தடுப்பூசி போட்டுக்கொள்வதைவிடச் சாவதே மேல் என்ற மாதிரி எழுதினார். அந்த ஆகஸ்டில் பிரிட்டிஷ் 'வோக்' அவரைப் பற்றிய கட்டுரையை நிறுத்திவிட்டது என்று அவரே சொன்னார். அவரை ஊடகம் ஏமாற்றியது உண்மை, அரசுகள் பொய் சொன்னதும் உண்மை. அதிலிருந்து, எல்லோரும் எப்போதும் பொய்தான் சொல்கிறார்கள் என்று ஒரு தாவு தாவினால் எங்கே போய் விழுவோம் என்பதற்கு அவரே உதாரணம் ஆகிவிட்டார். இந்தத் தடவை கையில் லாக் எதுவும் இல்லை.

இதை அவரைக் குறை சொல்ல எழுதவில்லை. நம் வீடுகளுக்குள் நடப்பதும் இதுதான். 2009ல் பெரிய டிவிகள் நம்மைக் கைவிட்டன. அந்தக் காயம் நியாயமானது. ஆனால் அந்தக் காயத்தின் வழியாகத்தான் இன்றைக்கு வாட்ஸ்அப் ஃபார்வர்டு உள்ளே வருகிறது. 'மீடியா இதைச் சொல்லாது' என்று ஒரு செய்தி ஆரம்பித்தால் நம் ஆட்களுக்கு உடனே நம்பத் தோன்றுகிறது. தடுப்பூசியிலிருந்து தேர்தல் வரை எல்லாம் அந்த ஒரே வரியில் ஏறிக்கொண்டு வருகிறது. டிவியைச் சந்தேகப்படக் கற்றுக்கொண்ட நாம் மாமா அனுப்பிய வீடியோவைச் சந்தேகப்படுவதில்லை, மரியாதைக் குறைவாம்.

அதனால் அக்காவிடம், பிள்ளையைத் தடுக்காதீர்கள், இரண்டு பாதியையும் எழுதச் சொல்லுங்கள் என்றேன். கத்தியதையும் எழுதட்டும், வழி தவறியதையும் எழுதட்டும். 'எழுதட்டும், ஆனா வீட்டில சத்தமாப் போடக் கூடாது' என்று அக்காவும் ஒருவழியாக ஒத்துக்கொண்டார்.

கடைசியாக ஒன்று. எம்.ஐ.ஏ. என்ற எழுத்துகளுக்கு ராணுவத்தில் அர்த்தம், போரில் காணாமல் போனவர். காணாமல் போகக் கூடாது என்றோ என்னவோ, அவர் இளவயதிலிருந்தே கேமராவும் கையுமாக இருந்தார். லண்டன் கவுன்சில் வீட்டில் குடும்பத்தாரை எடுத்தார். 2001ல் இலங்கைக்குப் போய் உறவுகளைப் பேசவைத்து எடுத்தார். 2018ல் வந்த அவரைப் பற்றிய ஆவணப்படம் பெரும்பாலும் அந்த டேப்புகளிலிருந்து உருவானது. அவருடைய அம்மா கலா இங்கிலாந்தில் தையல் வேலை செய்தவர். அரச விருதுப் பதக்கங்களை ஆயிரக்கணக்கில் கையால் தைத்தவர். மகளுக்கு அதே எம்.பி.இ. பதக்கம் கிடைத்தது. மகள் சொல்லியிருக்காவிட்டால் இதை எந்தப் பத்திரிகை எழுதியிருக்கும்?

நம் எல்லோரிடமும் இப்போது கேமரா இருக்கிறது. பிறந்தநாள் கேக்கை நாற்பது கோணத்தில் எடுக்கிறோம். அடுத்த சனிக்கிழமை அம்மம்மாவுக்கோ தாத்தாவுக்கோ போன் போடும்போது, அவர்களிடம் கேட்டுவிட்டு, ரெக்கார்டை அழுத்துங்கள். எந்த வருஷம், எந்த ஊர், யார் கூட இருந்தார்கள், என்ன சாப்பிட்டீர்கள் என்று சின்னச் சின்னதாகக் கேளுங்கள். ஃபைலுக்குத் தேதியோடு பெயர் வைத்து, இரண்டு இடத்தில் சேமித்து வையுங்கள்.