நடுவில் நடப்பவர் யார்?

பத்திரம் பதிவாகிவிட்டது, பட்டா வரவில்லை!

இந்த ஒரு வரிக்குள் எத்தனை பெருமூச்சு அடங்கிக் கிடக்கிறது என்பதை, தோழர்களே, உங்களுக்கு நான் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. ஆலையிலே இருபது ஆண்டு உழைத்து, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி, சீட்டுப் போட்டுச் சேர்த்த பணத்திலே இரண்டு சென்ட் மனை வாங்குகிறார் ஒரு தொழிலாளி. முத்திரைத் தீர்வை கட்டினார், பதிவுக் கட்டணம் கட்டினார், கைரேகை வைத்தார், படம் எடுக்க முகம் காட்டினார். சார்பதிவாளர் கையெழுத்திட்டார். வீட்டிலே அன்று பாயசம்! மறுவாரம் வீடு கட்டக் கடன் கேட்டு வங்கிக்குப் போகிறார். "பத்திரம் சரி, பட்டா எங்கே?" என்கிறார்கள். தாலுகா ஆபீசுக்கு ஓடுகிறார். "அளந்தாக வேண்டும், சர்வேயரைப் பாருங்கள்" என்கிறார்கள். சர்வேயரைத் தேடுகிறார். "வெளியே போயிருக்கிறார், நாளை வாருங்கள்" என்கிறார்கள். நாளை! அந்த நாளைக்கு ஒரு நாள் கூலி பலி.

யார் மீது குற்றம்? கேட்டுப் பாருங்கள். சார்பதிவாளர் சொல்கிறார், "என் வேலை முடிந்துவிட்டது" என்று. உண்மை! வட்டாட்சியர் சொல்கிறார், "அளவு வந்து சேர்ந்தால் உத்தரவு போடுகிறேன்" என்று. உண்மை! சர்வேயர் சொல்கிறார், "வரிசைப்படி வருகிறேன்" என்று. அதுவும் உண்மை! மூவர் உண்மை பேசுகிறார்கள்; நான்காமவர் நடையாய் நடக்கிறார்.

நிர்வாகச் சீர்திருத்தம் என்று பேசுவோர் பெரும்பாலும் என்ன செய்கிறார்கள்? ஓர் அறைக்குள் நுழைகிறார்கள். மேசையை மாற்றுகிறார்கள்; கணினி வைக்கிறார்கள்; சுவருக்கு வண்ணம் பூசுகிறார்கள்; "இனி இங்கே தாமதம் இல்லை" என்று பலகை மாட்டுகிறார்கள். அறைக்குள் தாமதம் குறையவும் செய்கிறது. ஆனால், ஓர் அறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவே இருக்கிறதே ஒரு வெளி, அங்கே தலைவர் இல்லை, எழுத்தர் இல்லை, பலகை இல்லை. அங்கே இருப்பவர்கள் இருவர். ஒருவர், மனு கொடுத்தவர்; மற்றவர், தரகர்.

அமெரிக்க நாட்டிலே பிராங்க் கில்பிரெத் என்று ஒருவர் இருந்தார். கொத்து வேலைக்காரராக வாழ்க்கையைத் தொடங்கியவர். ஒரு செங்கல்லை எடுத்து வைக்கக் கொத்தனார் 18 அசைவு செய்வதைக் கவனித்து, அதை ஐந்தாகக் குறைத்துக் காட்டியவர். அவரும் அவர் துணைவியார் லில்லியனும் 1921இல், அந்நாட்டு இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் முன்னே ஒரு முறையை எடுத்து வைத்தனர்: எந்த வேலையானாலும், தொடக்கம் முதல் முடிவு வரை படமாகப் போட்டுப் பார் என்பதே அது. பின்னர் 1990இல் கியரி ரம்லர், ஆலன் பிரேச் என்ற இருவர் மேலும் ஓர் அடி எடுத்து வைத்தனர். யாருக்குக் கீழே யார் என்று காட்டும் பதவிப் படம் எல்லா நிறுவனத்திலும் தொங்குகிறது. எந்தத் துறை எந்தத் துறைக்கு எதைக் கொடுக்கிறது, எதை வாங்குகிறது என்று காட்டும் படம் எங்கே என்று கேட்டனர். பதவிப் படத்திலே பெட்டிக்கும் பெட்டிக்கும் இடையே வெள்ளையாகத் தெரிகிற இடத்திலேதான் வேலை தவறிப்போகிறது என்றனர். முதலில் துறைகளின் உறவைப் படமாக வரை; பிறகு திருத்தம் பேசு என்பது அவர்கள் கூறிய வழி.

நம் தொழிலாளியின் பட்டாவுக்கு அந்தப் படத்தை நாமே வரைவோமே! ஒரு தாளும் பென்சிலும் போதும்.

முதல் பெட்டி, பதிவுத்துறை. 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி இயங்குவது. கோட்டையிலே அது வணிகவரியோடு சேர்ந்த துறை; தலைமை அலுவலகம் சாந்தோமிலே. எழுதிக் கொடுத்தவர் இவர்தானா, சம்மதித்துத்தான் கொடுத்தாரா என்று பார்த்துப் பதிவு செய்வதே அடிப்படையில் அதற்கு வகுத்த வேலை. நிலம் விற்றவருக்குச் சொந்தமா என்று விசாரிக்கும் அதிகாரத்தை 1908 சட்டம் சார்பதிவாளருக்குக் கொடுக்கவில்லை என்று 2025 ஏப்ரலில் உச்சநீதிமன்றமே கூறி, தமிழ்நாட்டுப் பதிவு விதி ஒன்றைச் செல்லாது என்றது.

இரண்டாவது பெட்டி, வருவாய்த்துறை. அதற்கு வேறு அமைச்சர், வேறு செயலாளர். நில நிர்வாக ஆணையகம் சேப்பாக்கத்து எழிலகத்திலே. கிராமக் கணக்கு அதனிடம். 1983ஆம் ஆண்டின் பட்டாப் புத்தகச் சட்டப்படி பட்டா பற்றிய அதிகாரம் வட்டாட்சியரிடம். மூன்றாவது பெட்டி, நில அளவைத் துறை. வருவாய்த்துறையின் குடைக்கீழ் இருந்தாலும் அதற்குத் தனி ஆட்கள், தனி மேலதிகாரிகள். புலப்படம் அதன் கையிலே. சாந்தோமிலிருந்து சேப்பாக்கத்துக்குக் கடற்கரைச் சாலை வழியே நடந்தே போய்விடலாம். ஆனால் ஒரு தாள் போய்ச் சேர மாதங்கள் ஆன கதை ஊருக்கு ஊர் உண்டு!

இனி அம்புகளைப் போடுங்கள். தொழிலாளியிடமிருந்து பதிவுத்துறைக்கு ஓர் அம்பு: பணமும் பத்திரமும். பதிவுத்துறையிலிருந்து தொழிலாளிக்கு ஓர் அம்பு: பதிவான பத்திரம். தொழிலாளியிடமிருந்து வருவாய்த்துறைக்கு: மனு. அங்கிருந்து அவருக்கு: "அளவை தேவை". அவரிடமிருந்து அளவருக்கு: வேண்டுகோள். அளவரிடமிருந்து அவருக்கு: "மூலப் பத்திரம் காட்டு". பார்த்தீர்களா வேடிக்கையை? துறைக்கும் துறைக்கும் நேராகப் போகவேண்டிய அம்புகளில் எத்தனை அந்த மனிதரின் கால் வழியே போகின்றன! மூன்று துறைகளுக்கும் சம்பளம் வாங்காத தபால்காரர் அவர். அவர் இழக்கும் கூலி எந்த வரவுசெலவுத் திட்டத்திலும் செலவாக எழுதப்படுவதில்லை; ஆகவே அது மிச்சம் என்றே கணக்கு!

பழைய நாளிலே கிராமத்துக் கணக்குப்பிள்ளை ஒருவரே இந்த இணைப்பாக இருந்தார் என்று ஏங்குவோர் உண்டு. அவர் தயவு இருந்தால் நிலம், இல்லையேல் வழக்கு என்றிருந்த காலம் அது. பரம்பரைக் கிராம அதிகாரிப் பதவிகளை 1980இல் ஒழித்தது சரியே. ஒழித்த இடத்திலே துறைகளை இணைக்கும் வழி உடனே போடப்படவில்லை என்பதுதான் குறை.

பின்னர் கணினி வந்தது. மறைப்பதற்கு இல்லை, அதனால் பெரும் நன்மை விளைந்தது. பதிவுத்துறையில் 2018இல் வந்த ஸ்டார் 2.0 என்னும் மென்பொருளும் வருவாய்த்துறையின் தமிழ்நிலமும் கைகோத்தன. விற்பவர் பெயரிலேயே பட்டா இருந்து, புல எண் முழுவதும் கைமாறி, உட்பிரிவு செய்யத் தேவை இல்லையென்றால், பட்டா தானாகவே மாறும் வழி பிறந்தது. பாராட்டுகிறேன். ஆனால் படத்தை மறுபடி பாருங்கள். முழுப் புலத்தையும் ஒரே கையெழுத்தில் வாங்குபவர் யார்? பெரும்பாலும், வசதி உள்ளவர். ஒரு புலத்தில் ஒரு மூலையை, இரண்டு சென்டை, மூன்று சென்டை வாங்குபவர் யார்? நீங்களும் நானும்! நமக்கு உட்பிரிவு தேவைப்படுகிறது. தாத்தா பெயரில் பட்டா கிடக்க, பேரன்கள் விற்கிறார்கள், பெயர் பொருந்தவில்லை. 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்திலே விழுந்த எழுத்துப் பிழை ஒன்று இன்னும் திருத்தப்படாமல் இருக்கிறது, அப்போதும் பொருந்தவில்லை. எளிதான அம்பு மின்னலாகப் பாய்கிறது. கடினமான அம்பு பழையபடி நம் கால்களிலேயே கட்டப்பட்டிருக்கிறது.

கர்நாடகத்திலே ஒரு மாற்று வழி கண்டார்கள். விவசாய நிலத்தில் ஒரு பகுதியை விற்க வேண்டுமானால், முதலில் அளந்து வரைபடம் வாங்க வேண்டும். அதற்கு '11ஈ' வரைபடம் என்று பெயர். அதைக் காட்டினால்தான் பதிவு. காத்திருப்பது அங்கேயும் உண்டு; இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் யார் காத்திருக்கிறார்? பணம் கைமாறுமுன் காத்திருப்பதால், விற்பவரும் உடன் நின்று காத்திருக்கிறார்! இங்கோ, விற்றவர் பணத்தோடு போய்விடுகிறார். வாங்கியவர் மட்டும் வரிசையிலே. ஓர் அம்பின் இடத்தை மாற்றினால் சுமை யார் தோளுக்கு மாறுகிறது என்று பாருங்கள். படம் வரையாமல் இது கண்ணுக்குத் தெரியுமா?

இன்னொன்றும் தெரியும். அளவர் மேசையை நோக்கி வரும் அம்புகளை எண்ணுங்கள். பட்டா உட்பிரிவு ஒன்று. எல்லைத் தகராறு ஒன்று. நீதிமன்றம் அளக்கச் சொன்னது ஒன்று. சாலைக்கு நிலம் எடுப்பது, ஏரி ஆக்கிரமிப்பு, இலவச மனைப்பட்டா... எல்லாம் அந்த ஒரு மனிதரின் சங்கிலிக்கே! "சர்வேயர் சோம்பேறி" என்று பேசித் தீர்ப்பது எளிது. லஞ்சம் வாங்குபவரைப் பிடியுங்கள், தண்டியுங்கள், தடுக்கவில்லை. ஆனால் பத்துத் திசையிலிருந்து அம்பு பாயும் மேசையில் வேறு யாரை உட்கார வைத்தாலும் வரிசை நீளத்தான் செய்யும். நீளும் வரிசையிலே முன்னால் நிற்க விலை பேசுபவனும் வரத்தான் செய்வான்.

தொழிற்சங்கத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. படம் போடுகிறோம், வேலையைச் சீர்செய்கிறோம் என்று யாராவது வந்தாலே உங்களுக்கு ஐயம் எழும். நியாயம்தான். 1911 ஆகஸ்டில், அமெரிக்காவின் வாட்டர்டவுன் ராணுவத் தொழிற்கூடத்திலே, கையில் நிறுத்தக் கடிகாரத்தோடு ஓர் அதிகாரி வந்து நின்றபோது வார்ப்படத் தொழிலாளர்கள் வேலையை விட்டு வெளியேறினார்கள். அந்நாட்டு நாடாளுமன்றம் விசாரணை நடத்தியது. 1915இல், ராணுவ நிதிச் சட்டத்திலேயே அந்தக் கடிகாரத்துக்குத் தடை எழுதப்பட்டது. அவர்கள் எதிர்த்தது, வேலை செய்பவரைக் கேட்காமல் வேலையை அளப்பதை. அந்த ஐயத்தை விடாதீர்கள். எழுத்தரைக் குறைக்கவும் ஒப்பந்த ஆளை நுழைக்கவும் அதே படத்தைப் பயன்படுத்துவோர் வரக்கூடும்.

ஆகவே, படம் கோட்டையில் மட்டும் வரையப்படக் கூடாது. தாலுகா தோறும் வரையட்டும். சார்பதிவாளர் அலுவலக எழுத்தர், ஆவண எழுத்தர், கிராம நிர்வாக அலுவலர், அளவர், வரைவாளர் எல்லாரும் ஒரே மேசையைச் சுற்றி அமரட்டும்; எந்தத் தாள் எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்குப் போகிறது, எங்கே எத்தனை நாள் கிடக்கிறது என்று அவர்கள் வாயாலேயே சொல்லி எழுதட்டும். மனு கொடுத்துவிட்டு அலைகிற ஒருவரும் அந்த மேசையில் இருக்கட்டும். அன்றைய கூலியை அரசு அவருக்குக் கொடுக்கட்டும்.