பாலும் பொங்கியது, நானும் பொங்கினேன்!

தினமும் காலையில் இருபது நிமிஷம் கண்ணை மூடி உட்காருவது என் வழக்கம். ஆறு வருஷமாக விடாமல் நடக்கிறது. போன மாதம் ஒரு நாள் அப்படி உட்கார்ந்திருந்தபோது, பால் பொங்கி வழிந்து தீய்ந்த வாசனை. எழுந்து போய், "இதைக்கூடப் பார்த்துக்கத் தெரியாதா உனக்கு?" என்று மருமகளைக் கத்திவிட்டேன். அவள் ஒன்றும் பேசவில்லை. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே அடுப்பைத் துடைத்தாள். ராத்திரி முழுக்கக் குழந்தைக்கு ஜுரம் என்று பிறகுதான் தெரிந்தது.

எனக்கு வெட்கமாகப் போயிற்று. இருபது நிமிஷத் தியானம் ஒரு ஆழாக்குப் பாலுக்குத் தாங்கவில்லையே!

அப்போது ரமண மகரிஷியின் தாயார் அழகம்மாள் நினைவுக்கு வந்தார். வீட்டை விட்டுப் போன பிள்ளையை அழைத்துவர 1898-ல் திருவண்ணாமலைக்குப் போய், அழுது மன்றாடியும் பலிக்காமல் திரும்பியவர் அவர். 1916-ல் அந்தப் பிள்ளையிடமே வந்து தங்கிவிட்டார். மலைமேல் ஸ்கந்தாசிரமத்தில் அடுப்பு மூட்டிச் சமைத்தார். ரொம்ப ஆசாரம், வெங்காயத்தைத் தொடமாட்டார். மகன் கேலி செய்தே அந்தப் பிடிவாதத்தைக் கரைத்தார். 1922-ல் அவர் கண்மூடினார். அவர் சமாதிமேல் இன்று மாத்ருபூதேசுவரர் கோயில் நிற்கிறது. அவருக்கும் ஆறு வருஷம்தான். அதில் பாதி அடுப்படியில் போயிருக்கும். பக்குவம் அங்கேயும் வரும் போலிருக்கிறது.

மறுநாள் உட்கார்ந்தபோது என் மாமியார் குரல் காதில் கேட்டது. நாற்பது வருஷத்துக்கு முன், நான் கைக்குழந்தைக்காரியாக இருந்தபோது, அவர் சொன்னதும் இதே வார்த்தைதான்! அன்றைக்குக் கொல்லைப்புறம் போய் அழுதேன். அதே வார்த்தையை அப்படியே இவளிடம் சொல்லியிருக்கிறேன்.

பட்டால் புத்தி வரும் என்பார்கள். வெறுமனே பட்டால் மட்டும் போதாது, சகோதரிகளே. பட்டதை அமைதியாக உட்கார்ந்து திரும்பிப் பார்க்காவிட்டால், வாங்கின அடியைத்தான் அடுத்தவருக்குக் கொடுப்போம். எனக்குத் தியானம் செய்த உபகாரம் அந்தத் திரும்பிப் பார்த்தல்தான்.

எழுந்து போய், "அன்னிக்கு நான் கத்தினது தப்பும்மா" என்றேன். "விடுங்கத்தை" என்றாள். கண் கலங்கியிருந்தது, இருவருக்கும்.

இப்போதும் தினம் உட்காருகிறேன். பாலைக் காய்ச்சி இறக்கி வைத்துவிட்டு!