குட்டி ரயில் அடிக்கடி தடம் புரள்கிறதா? பரணில் போடுவதற்கு முன் இதைப் படியுங்கள்!

பிறந்தநாளுக்காக மாமா வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்த ரயில் செட். ஹாலில் இருந்த டீப்பாயை ஓரம் தள்ளிவிட்டு, அப்பாவும் மகனும் தரையில் படுத்துக்கொண்டு தண்டவாளத்தைக் கோத்து முடிக்கிறார்கள். இன்ஜின் கிளம்புகிறது. முதல் வளைவிலேயே மூன்றாவது பெட்டி சாய்கிறது. எடுத்து வைத்து மறுபடி ஓட்டினால், இந்த முறை பாயின்ட்ஸில் இறங்குகிறது. பத்தாவது முறை, ''நீ சக்கரத்தைச் சரியா வைக்கலைடா'' என்று அப்பாவின் குரல் உயர்கிறது. பையன் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போகிறான். ஒரே மாதத்தில், சில ஆயிரம் ரூபாய் பெறுமான செட் பரணுக்குப் போய்விடுகிறது.

மாடல் ரயில் வாங்கிய பல வீடுகளில் நடக்கிற கதைதான் இது. ஆனால், பெரும்பாலான நேரங்களில் தப்பு பையனிடமும் இல்லை, இன்ஜினிடமும் இல்லை. அரை மில்லிமீட்டர் கோளாறு ஒன்று எங்கோ ஒளிந்திருக்கும். அதைப் பொறுமையாகத் தேடினால் போதும்.

வளைவு ஏன் வில்லன் ஆகிறது?

உலகில் அதிகம் புழங்குவது 'ஹெச்ஓ' என்கிற அளவு. நிஜ ரயிலை 87-ல் ஒரு பங்காகச் சுருக்கியது. இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே 16.5 மி.மீ. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 2001-ல் திறக்கப்பட்ட 'மினியேச்சர் வுண்டர்லாண்ட்' என்ற பிரமாண்டமான குட்டி ரயில் உலகமும் இந்த அளவில்தான் ஓடுகிறது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. நம்மூர் அகல ரயில் பாதையில் வளைவின் ஆரம் பொதுவாக 175 மீட்டருக்குக் குறையக் கூடாது. அதை 87 ஆல் வகுத்தால் சுமார் 2 மீட்டர். அதாவது, நிஜ ரயிலைப் போல இந்தப் பொம்மை ரயிலும் திரும்ப வேண்டுமென்றால், 4 மீட்டர் அகலத்துக்கு இடம் வேண்டும். எந்த வீட்டு ஹாலில் அது இருக்கிறது? எனவே, ஆரம்ப செட்டுகளில் 36 செ.மீ முதல் 46 செ.மீ வரையிலான ஆரத்தில் வளைவுகளைக் கொடுத்துவிடுகிறார்கள். நிஜ ரயில் ஒருபோதும் திரும்பாத திருப்பத்தில் குட்டி ரயிலைத் திருப்புகிறோம்.

சக்கரத்தைத் தண்டவாளத்தில் பிடித்து வைத்திருப்பது அதன் உள்பக்க விளிம்புதான். ஹெச்ஓ அளவில் அதன் ஆழம் அரை மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவே. தண்டவாள இணைப்பில் நகக்கண் அளவு மேடு இருந்தால்கூட அந்த விளிம்பு அதன்மீது ஏறி வெளியே போய்விடும்.

முதலில் துப்பறியுங்கள்

தடம் புரண்டதும் ரயிலைத் தூக்கி வைக்க அவசரப்படாதீர்கள். எந்த இடத்தில், எந்தப் பெட்டியின் எந்தச் சக்கரம் முதலில் இறங்கியது என்று பாருங்கள். அந்த இடத்துக்குப் பக்கத்தில் தரையில் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டுங்கள். பத்துச் சுற்று ஓட்டினால் விஷயம் பிடிபட்டுவிடும்.

வெவ்வேறு பெட்டிகள் ஒரே இடத்தில் விழுந்தால், கோளாறு தண்டவாளத்தில். ஒரே பெட்டி வெவ்வேறு இடங்களில் விழுந்தால், கோளாறு பெட்டியில். ஒரு குறிப்பிட்ட பெட்டி ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் விழுந்தால், இரண்டையும் பார்க்க வேண்டும்.

கண்ணுக்குத் தெரியவில்லை என்றால், மொபைலைத் தண்டவாள மட்டத்தில் படுக்க வைத்து ஸ்லோமோஷனில் வீடியோ எடுங்கள். சக்கரம் எந்த நொடியில் மேலே ஏறுகிறது என்பது அப்படியே பதிவாகிவிடும். இந்த வேலையைப் பிள்ளைகளிடம் விட்டுவிடலாம். அழுதுகொண்டிருந்தவர்கள் துப்பறிவாளர்களாக மாறிவிடுவார்கள்.

தண்டவாளத்தில் என்ன பார்க்க வேண்டும்?

கண்ணை மூடிக்கொண்டு விரல் நகத்தைத் தண்டவாளத்தின் உள்பக்கமாக ஓட்டுங்கள். இணைப்புகளில் நகம் தட்டினால் அங்கேதான் பிரச்னை. பல நேரங்களில் ஒரு தண்டவாளம் இணைப்புத் தகட்டுக்குள் நுழையாமல் அதன் மேலே ஏறி உட்கார்ந்திருக்கும். கழற்றி, மறுபடி சரியாகக் கோத்தால் போதும். முனையில் சின்னப் பிசிறு இருந்தால் நகம் தேய்க்கும் அரத்தாலேயே மெல்லத் தேய்த்துவிடலாம்.

அடுத்தது மேடு பள்ளம். கார்ப்பெட், பாய் மேல் தண்டவாளம் போட்டால் ரயில் போகும்போது அது அமுங்கி, ஒரு பக்கம் சாயும். அதோடு, கார்ப்பெட்டின் நூலும் தலைமுடியும் இன்ஜினின் பல்சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும். சமமான மேஜை அல்லது பிளைவுட் பலகையே நல்லது. மேஜை என்றால் ஓரத்தில் சின்னத் தடுப்பு வையுங்கள். வளைவில் சாய்கிற இன்ஜின் நேராகத் தரையில் விழுந்தால் செலவு வேறு மாதிரி ஆகிவிடும்.

மூன்றாவது, 'எஸ்' வளைவு. இடப்பக்கம் திரும்பிய உடனே வலப்பக்கம் திரும்புகிற மாதிரி தண்டவாளம் போட்டால், முன்பெட்டி ஒரு பக்கம் இழுக்க, பின்பெட்டி மறுபக்கம் இழுக்கும். நடுவில் மாட்டிய கொக்கி, சக்கரத்தையே பிடுங்கிவிடும். இரண்டு வளைவுகளுக்கும் நடுவே, உங்களிடம் இருப்பதிலேயே நீளமான பெட்டியின் நீளத்துக்கு நேர்த் தண்டவாளம் ஒன்றைச் சேர்த்தால் இந்தத் தொல்லை தீரும்.

பெட்டியில் என்ன பார்க்க வேண்டும்?

வளைவின் ஆரம், பெட்டி நீளத்தைப் போல் குறைந்தது இரண்டு மடங்காவது வேண்டும். மூன்று மடங்கு இருந்தால் நம்பி ஓட்டலாம். 27 செ.மீ நீளப் பயணிகள் பெட்டியை 46 செ.மீ வளைவில் ஓட்டினால், அது விழுவதற்குப் பெட்டியைத் திட்டிப் பயனில்லை. சின்ன செட்டுக்குச் சின்னச் சரக்குப் பெட்டிகளே சரி.

எடையும் முக்கியம். அமெரிக்காவில் 1935-ல் தொடங்கப்பட்ட தேசிய மாடல் ரயில் சங்கம் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. ஹெச்ஓ பெட்டிக்கு அடிப்படையாக 28 கிராம், அதன்பின் நீளத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் 14 கிராம். 6 அங்குலப் பெட்டி என்றால் சுமார் 112 கிராம் இருக்க வேண்டும். வீட்டு கிச்சன் தராசிலேயே நிறுத்துப் பார்க்கலாம். குறைந்தால், பெட்டிக்குள் அடிப்பகுதியின் நடுவில் வாஷர்களை ஒட்டுங்கள். கூரைக்குப் பக்கத்தில் ஒட்டினால் கவிழ்வது அதிகமாகும். லேசான பெட்டியை முன்னாலும் கனமான பெட்டிகளைப் பின்னாலும் மாட்டாதீர்கள். வளைவில் லேசான பெட்டியை உள்பக்கமாக இழுத்துச் சாய்த்துவிடும்.

பெட்டிக்கு அடியில் முன்னும் பின்னும் இருக்கும் சக்கரத் தொகுதிகளின் திருகைக் கவனியுங்கள். இரண்டும் இறுக்கமாக இருந்தால் வளைவில் சக்கரம் திரும்பாது. இரண்டும் லொடலொடவென இருந்தால் பெட்டி ஆடும். ஒன்று இடதும் வலதும் திரும்பினால் மட்டும் போதும். இன்னொன்று கொஞ்சம் மேலும் கீழும் அசையலாம். நாலு கால் ஸ்டூல் மேடு பள்ளத்தில் ஆடும், முக்காலி ஆடாது அல்லவா? அதே தத்துவம்தான்.

பாயின்ட்ஸில் விழுந்தால்?

தடம் பிரியும் இடத்தில் மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

முதலாவது, நகர்கிற கூர்முனைத் தண்டவாளம். ரயில்வேக்காரர்கள் 'டங் ரெயில்' என்பார்கள். அது பக்கத்துத் தண்டவாளத்தோடு இடைவெளி இல்லாமல் ஒட்ட வேண்டும். நடுவில் ஒரு மணல் துகள் சிக்கினாலும் சக்கரம் அந்தச் சந்தில் நுழைந்து, முன்சக்கரம் ஒரு பாதையிலும் பின்சக்கரம் இன்னொரு பாதையிலும் போய்விடும். பழைய டூத் பிரஷ்ஷால் சுத்தம் செய்தாலே பாதிப் பிரச்னை தீரும்.

இரண்டாவது, தண்டவாளங்கள் ஒன்றையொன்று வெட்டும் இடமும் அதற்கு எதிரே இருக்கும் 'செக் ரெயிலும்'. சக்கரம் தவறான பாதைக்குள் நுழையாமல் பிடித்துக்கொள்வது செக் ரெயிலின் வேலை. அங்கே இடைவெளி அதிகமாக இருந்தால் சக்கரம் முனையில் மோதும். மெல்லிய பிளாஸ்டிக் பட்டை ஒன்றை செக் ரெயிலின் சக்கரம் உரசும் பக்கத்தில் ஒட்டி, இடைவெளியைக் குறைக்கலாம்.

மூன்றாவது, சக்கரங்களுக்கு இடையிலான தூரம். ஹெச்ஓ அளவில், ஓர் அச்சின் இரண்டு சக்கரங்களுடைய உள்முகங்களுக்கும் நடுவே சுமார் 14.4 மி.மீ இருக்க வேண்டும். அது குறைந்தாலும் கூடினாலும் பாயின்ட்ஸில்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். பிளாஸ்டிக் அச்சு என்றால் சக்கரத்தைத் திருகியபடி மெதுவாக நகர்த்திச் சரிசெய்யலாம்.

10 நிமிட செக் லிஸ்ட்

* வேகத்தைப் பாதியாகக் குறைத்து ஓட்டிப் பாருங்கள்.
* ஒரே ஒரு பெட்டியைக் கையால் மெதுவாகத் தள்ளி, முழுச் சுற்றும் வரவிடுங்கள்.
* இணைப்புகளை நகத்தால் தடவுங்கள்.
* பாயின்ட்ஸை பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள்.
* கொக்கிக்கு அடியில் கம்பி தொங்கி, தண்டவாளத்தில் உரசுகிறதா என்று பாருங்கள்.
* ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். நாலைந்தை ஒன்றாக மாற்றினால் எது சரியாக்கியது என்றே தெரியாது.

புதுப் பெட்டி, புது பாயின்ட்ஸ் வாங்குவதெல்லாம் இத்தனையும் பார்த்த பிறகுதான். இந்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்குங்கள். ஸ்டிக்கரை மறக்காமல் பிள்ளைகள் கையில் கொடுங்கள். கோளாறை அவர்களே கண்டுபிடித்து, ரயில் முதன்முறையாக ஒரு முழுச் சுற்று வந்து சேரும்போது, ஹாலில் எழுகிற கைதட்டலுக்கு ரிமோட்டே தேவைப்படாது!