தூக்கத்தை விலைக்கு வாங்கலாமா?



‘பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது’ என்பது நம் முன்னோர் வாக்கு. உடல் வருந்தி உழைப்பவருக்குப் படுத்ததும் தூக்கம் வரவேண்டும். ஆனால் தூக்கம் வராமல் புரண்டு கிடப்பவர்கள் தோட்டத்திலும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பக்கத்து வீட்டில் கிடைக்கும் யோசனை, “டவுன் மருந்துக்கடையில் மஞ்சள் மாத்திரை வாங்கி ஒன்று போடுங்க அக்கா, அடித்துப் போட்ட மாதிரி தூங்குவீங்க” என்பதுதான்.

அந்த மஞ்சள் மாத்திரை பெரும்பாலும் குளோர்பெனிரமின் என்ற மருந்தாக இருக்கும். சளி, தும்மல், அரிப்பு ஆகியவற்றுக்காகச் செய்யப்பட்டது அது. நம் மூளையை விழிப்பாக வைத்திருப்பவற்றுள் ஹிஸ்டமின் என்பதும் ஒன்று. சளியை நிறுத்த ஹிஸ்டமினைத் தடுக்கும் இந்த மாத்திரை, கூடவே மூளையையும் மந்தமாக்கிவிடுகிறது. அதாவது, மருந்தின் பக்கவிளைவைத்தான் நாம் தூக்கம் என்று காசு கொடுத்து வாங்குகிறோம். சில இருமல் மருந்துகளில் உள்ள டைபென்ஹைட்ரமினும் இதே இனம்தான். சில நாள் தொடர்ந்து சாப்பிட்டால் உடல் பழகிப்போய், தூக்கமும் வராமல் போகிறது. பிறகு ஒன்று இரண்டாகும், இரண்டு மூன்றாகும்.

இதைவிட முக்கியமானது மறுநாள் காலை. குளோர்பெனிரமினில் பாதி உடலைவிட்டு நீங்க ஏறக்குறைய 20 மணி நேரம் பிடிக்கும். இரவு 9 மணிக்கு விழுங்கியதில் பாதிக்கு மேல், காலை 5 மணிக்குப் பெரட்டுக்கு நிற்கும்போதும் உடம்பிலேயே இருக்கிறது. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் இருட்டிலேயே கத்தியோடு மரத்தடிக்குப் போகிறோம். செம்பனைக் குலை அறுப்பவரோ நீண்ட கம்பில் கட்டிய அரிவாளைத் தலைக்கு மேலே தூக்கி நிற்கிறார். மோட்டார் சைக்கிளில் போவோரும் உண்டு. அந்த வேளையில் கண் செருகினால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

வயதானவர்களுக்கு இம்மாத்திரை இன்னும் ஆகாது. வாய் வறளும், சிறுநீர் கட்டும், புத்தி தடுமாறும். நள்ளிரவில் எழுந்து நடந்து விழுந்தால் இடுப்பெலும்பே முறியலாம். ‘பிள்ளை தூங்கினால்தான் நான் தூங்க முடியும்’ என்று இருமல் மருந்தைக் கைக்குழந்தைக்கு ஊற்றும் தாய்மார்களே, தயவு செய்து அதை நிறுத்துங்கள். 2 வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு இவ்வகை மருந்து மூச்சையே அடக்கிவிடக்கூடும். கள்ளும் சம்சுவும் தூக்க மருந்தல்ல. முதலில் கண்ணை மூடவைத்து, பின்னிரவில் எழுப்பிவிடும். மாத்திரையும் மதுவும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து.

“அப்படியானால் நாட்டு மருந்து?” என்பீர்கள். இளஞ்சூடான பாலும், காலைக் கழுவித் துடைத்துப் படுப்பதும், தலைக்கு எண்ணெய் தடவுவதும் தீங்கில்லாதவை. மனத்துக்கு இதமாக இருந்தால் செய்யுங்கள். ஜாதிக்காய் சிட்டிகை அளவோடு நிற்கட்டும். முழுக் காயை அரைத்துக் குடித்தவர்கள் வாந்தி, நெஞ்சுப் படபடப்பு, மனக்குழப்பம் என்று ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார்கள். கைக்குழந்தைக்கு உரைத்து ஊட்டவே வேண்டாம். கசகசா விதையில் அபினிச் செடியின் பால் ஒட்டியிருப்பதுண்டு. அதைத் தின்றவரின் சிறுநீர்ச் சோதனையில் போதைப்பொருள் இருப்பதாகக் காட்டலாம். சிங்கப்பூரில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு அதைக் கொடுத்தனுப்பாதீர்கள். அங்கே அதைக் கொண்டுபோகத் தடை உண்டு.

இரவுச் சந்தையில் விற்கும் ‘மூலிகை’ப் பொட்டலங்களை வாங்குமுன் ‘எம்.ஏ.எல்.’ என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். பதிவில்லாத சரக்குகளில் ஸ்டீராய்டு மருந்து கலந்திருந்தது பலமுறை பிடிபட்டிருக்கிறது.

சரி, வழிதான் என்ன? தூக்கம் ஏன் வரவில்லை என்று முதலில் பார்க்க வேண்டும். காலை 4 மணிக்கு எழுபவர் 7 மணி நேரம் தூங்க வேண்டுமானால் இரவு 9 மணிக்கே கண் மூட வேண்டும். நாடகம் முடிந்து, கைத்தொலைபேசியும் பார்த்து, 11 மணிக்குப் படுத்துவிட்டுத் தூக்கத்தைக் குறை சொல்வது நியாயமா? மாலை 5 மணிக்குக் குடித்த கோப்பியின் வீரியத்தில் ஏறக்குறைய பாதி இரவு 10 மணிக்கும் உடம்பில் இருக்கும். ஆகவே பிற்பகலுக்குப் பிறகு கோப்பியும் கடுந்தேநீரும் வேண்டாம். விடுமுறை நாளிலும் எழும் நேரத்தை வெகுவாக மாற்றாதீர்கள். படுத்துத் தூக்கம் வராவிட்டால் எழுந்து, மங்கலான வெளிச்சத்தில் சற்று உட்கார்ந்திருந்து, கண் சுழலும்போது படுங்கள்.

இரவில் மூன்று நான்கு முறை சிறுநீர் கழிக்க எழுகிறீர்களா? இனிப்புநீரைச் சோதியுங்கள். 2019-இல் நாடு முழுவதும் நடந்த சுகாதார ஆய்வில் நம் இந்தியர்களில் வயது வந்தோர் 10 பேரில் 3 பேருக்கு இந்நோய் காணப்பட்டது. உரத்த குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று திணறுகிறவர் மாத்திரையைத் தொடவே கூடாது. கவலையால் விடியுமுன் விழித்து அழுகிறவருக்கும் மருந்துக்கடை உதவாது. வாரத்தில் 3 இரவு வீதம் 3 மாதம் தூக்கம் கெட்டால் டாக்டரைப் பாருங்கள். கவலையும் மூச்சுத் திணறலும் இருந்தால் 3 மாதம் காத்திராமல் உடனே போங்கள். நெடுநாள் தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சை மாத்திரையன்று, படுக்கைப் பழக்கத்தையும் எண்ணத்தையும் சீர்செய்யும் பயிற்சிதான் என்பதே இன்றைய மருத்துவர்கள் முடிவு. அரசாங்க கிளினிக்கில் குடியுரிமை உள்ளவருக்கு ஒரு வெள்ளிதான் கட்டணம். போகும்போது வீட்டிலுள்ள மாத்திரை அட்டைகளையும் மருந்துப் போத்தல்களையும் பையில் போட்டுக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

அடுத்த வீட்டு அக்கா நல்லெண்ணத்தோடுதான் மாத்திரை தருகிறார். அதை மரியாதையோடு மறுத்துவிட்டு, அவரையும் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போய் வாருங்கள்.