அடி வேறு, கன அடி வேறு!

"ஆற்றில் இன்று பதினைந்தடி தண்ணீர்!" என்கிறார் தேநீர்க் கடைக்கு வந்தவர். கேட்டவர்கள் வாய் பிளக்கிறார்கள். இருக்கட்டும், தோழர்களே! அந்தப் பதினைந்தடியில் வினாடிக்கு எத்தனை கன அடி பாய்கிறது? அளவுக் கம்பத்தைக் கேளுங்கள்; அது ஊமை! கம்பம் காட்டுவது மட்டம். கரையை உடைப்பதும் குடிசையைச் சுருட்டுவதும் ஓட்டம்!

மட்டத்திலிருந்து ஓட்டத்தை அறிவது மந்திரமல்ல, கணக்கு. ஆற்றின் குறுக்கே இடத்துக்கிடம் ஆழம் பார்க்கிறார்கள். கிண்ணங்கள் சுழலும் கருவியை நீரில் இறக்கி வேகம் பார்க்கிறார்கள். அகலம், ஆழம், வேகம் மூன்றையும் பெருக்கி, துண்டு துண்டாகக் கூட்டினால் கன அடி வந்துவிடும். வறண்ட நாளிலும் பெருகிய நாளிலும் இப்படி அளந்து, இன்ன மட்டத்துக்கு இன்ன ஓட்டம் என்று அட்டவணை எழுதி வைக்கிறார்கள். பிறகு கம்பத்தைப் படித்தாலே போதும்.

பிலிகுண்டுலுவில் காவிரி எவ்வளவு வந்தது என்று வழக்காடுகிறோமே, அந்தக் கணக்குக்கும் அடிப்படை இந்த அளவுதான். 2018 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் 177.25 டி.எம்.சி. என்றது. தீர்ப்பை எழுதியது பேனா. தண்ணீரை எண்ணுவது கம்பமும் கருவியும்!

ஆழம் இருமடங்கானால் ஓட்டமும் இருமடங்குதானே என்பீர்கள். இல்லை! ஆழம் கூடினால் வேகமும் கூடும். அகன்ற ஆற்றில் மூன்று மடங்குக்கும் மேல் பாயும். அதிலும் ஒரு கொடுமை: வெள்ளம் உச்சத்தில் சீறும்போது படகு போகாது, கருவி நிற்காது. அளந்த புள்ளிகளுக்கு அப்பால் கோட்டை நீட்டித்தான் பெருவெள்ளத்தை மதிப்பிடுகிறார்கள். எந்த எண் உயிரைக் காக்க வேண்டுமோ, அந்த எண்தான் பெரும்பாலும் அளக்கப்படாத எண்!

இந்த நிலையில் மணலையும் அள்ளினால்? படுகை தாழ்கிறது. பழைய அட்டவணை பத்தடிக்கு ஒரு கணக்குச் சொல்கிறது. பள்ளமாகிப்போன ஆற்றிலோ அதே பத்தடிக் குறியில் அதைவிட அதிகம் பாய்கிறது. காகிதத்தில் சிறுவெள்ளம், கரையோரத்தானுக்குப் பெருவெள்ளம்! மணல் லாரியில் ஏறிப் போவது மணல் மட்டுமா? அட்டவணையின் உண்மையும் கூடவே ஏறிப் போகிறது.

2018 ஆகஸ்டில் காவிரி பெருகி ஓடியதையும், 22-ஆம் நாள் இரவு முக்கொம்பில் கொள்ளிடத்து மேலணையின் 9 மதகுகள் பெயர்ந்ததையும் மறந்திருக்க மாட்டீர்கள். 1836-இல் கட்டிய அணை! மதகு பெயர்ந்த காரணம் தனி வழக்கு. இங்கே அதைக் கிளறவில்லை. அத்தகைய வெள்ளம் வடிந்த பிறகு படுகை பழைய படுகையாக இராது. அதைத்தான் சொல்கிறேன்.

ஆகவே கேட்கிறோம். ஒவ்வொரு பெருவெள்ளத்துக்குப் பின்னும் படுகையை அளந்து அட்டவணையைத் திருத்துங்கள். அளவு நிலையத்தின் அருகே மணல் அள்ளுவோரைத் துரத்துங்கள். கடைசியாகக் கருவி இறக்கி அளந்த நாள் எது என்பதைக் கம்பத்தருகே பலகையில் எழுதுங்கள், கரையோரத்துக் கூலிக்காரனும் படிக்கும்படி, கொட்டை எழுத்தில்!