மலை நம்மிடம், பயிற்சி அயல்நாட்டிலா?

மெக்சிகோ சிட்டி கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உதகமண்டலமும் அதே 2,240 மீட்டர்தான். 1968 ஒலிம்பிக் மெக்சிகோவில் நடக்கும் என்று முடிவானதும், காற்று மெலிந்த அந்த உயரத்தில் எப்படி ஓடுவது என்ற கவலை உலகின் விளையாட்டு நாடுகளைப் பிடித்துக்கொண்டது. பிரான்ஸ் பிரனீஸ் மலையில் 1,850 மீட்டர் உயரமுள்ள ஃபான்ட் ரோமூவில் தேசியப் பயிற்சி மையம் கட்டி 1967-ல் திறந்தது. சோவியத் ஒன்றியம் ஆர்மீனிய மலைகளில் முகாம் அமைத்தது. அமெரிக்கா கலிஃபோர்னியாவின் எக்கோ சம்மிட் காட்டுக்குள் மரங்களுக்கு நடுவே ஓடுதளம் போட்டுத் தகுதிப் போட்டிகளை நடத்தியது. இந்தியாவுக்கு மலை தேடி அலைய வேண்டிய அவசியமே இருக்கவில்லை. மேட்டுப்பாளையத்தில் ரயில் ஏறினால் போதும். ஆனால், அன்று தொடங்கியிருக்க வேண்டிய வேலை, ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகியும், நீலகிரியில் முழுமை பெறவில்லை. நிரந்தரப் பயிற்சியாளர்கள், விளையாட்டு மருத்துவப் பிரிவு, ஆண்டு முழுவதும் நடக்கும் முகாம், உள்ளூர்ப் பிள்ளைகளுக்கான சேர்க்கை ஆகிய அனைத்தும் ஒரே கூரையின்கீழ் அமைந்த தேசிய மையம் இந்த மலைக்கு வாய்க்கவில்லை. இதை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம்.

மெக்சிகோவில் 1,500 மீட்டர், 5,000 மீட்டர், 10,000 மீட்டர், ஸ்டீபிள்சேஸ், மாரத்தான் ஆகிய ஐந்து பந்தயங்களின் தங்கமும் ஆப்பிரிக்க வீரர்களுக்கே போயின. கென்யாவின் கிப் கெய்னோவும் எத்தியோப்பியாவின் மாமோ வோல்டேயும் அன்று உலகப் புகழ் பெற்றார்கள். மலையில் வாழ்வதும் மலையில் பயில்வதும் நெடுந்தூர ஓட்டத்துக்கு என்ன தரும் என்பதை உலகம் கண்ணால் கண்டது. அதே ஒலிம்பிக்கில் இந்தியாவுக்குக் கிடைத்தது ஹாக்கியில் ஒரு வெண்கலம் மட்டும். 1928 முதல் தவறாமல் எட்டிவந்த ஹாக்கி இறுதியாட்டம் அங்கேதான் முதல்முறையாகக் கைநழுவியது. மற்ற நாடுகள் மெக்சிகோவில் பாடம் படித்தன. நம் விளையாட்டு நிர்வாகம் அந்தப் பாடத்தைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

நமக்கு ஓடத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. 1951-ல் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் ரஞ்சித் சிங், 1,500 மீட்டரில் நிக்கா சிங், மாரத்தானில் சோட்டா சிங் என மூன்று தங்கங்களும் இந்தியாவுக்கே கிடைத்தன. 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கின் 800 மீட்டர் இறுதியில் ஸ்ரீராம் சிங் 1 நிமிடம் 45.77 விநாடியில் ஓடி ஏழாவதாக வந்தார். அதே மான்ட்ரியலில் சிவ்நாத் சிங் மாரத்தானில் பதினோராவது இடம் பிடித்தார். இவர்கள் நாட்டின் பெருமை என்பதில் ஐயமில்லை. அதன் பிறகு நடந்ததுதான் அவமானம். ஸ்ரீராம் சிங்கின் சாதனையை இன்னொரு இந்தியர் முறியடிக்க 42 ஆண்டுகள் ஆயின; 2018-ல்தான் ஜின்சன் ஜான்சன் அதைச் செய்தார். பகதூர் பிரசாத் 1992-ல் 5,000 மீட்டரில் படைத்த சாதனை முப்பது ஆண்டுகள் நின்றது. சிவ்நாத் சிங் 1978-ல் ஓடிய 2 மணி 12 நிமிட மாரத்தானை நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒருவராலும் தொட முடியவில்லை. ஒரு தேசிய சாதனை ஒரு தலைமுறைக்கு மேல் அசையாமல் நிற்கிறது என்றால், அந்த வீரரின் திறமையைப் பாராட்டிவிட்டு நகர்ந்துவிட முடியாது. அவருக்குப் பின் வந்தவர்களுக்கு நிர்வாகம் எதுவும் செய்து கொடுக்கவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. சுதந்திர இந்தியா ஓட்டப் பந்தயத்தில் இதுவரை ஓர் ஒலிம்பிக் பதக்கம்கூட வென்றதில்லை.

கடந்த சில ஆண்டுகளில் நிலைமை மாறத் தொடங்கியிருக்கிறது. 2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் அவினாஷ் சாப்ளே 3,000 மீட்டர் ஸ்டீபிள்சேஸில் 8 நிமிடம் 11.20 விநாடியில் வெள்ளி வென்று, அந்தப் பந்தயத்தில் கென்யர்களுக்கு இருந்த ஏகபோகத்தை உடைத்தார். ஹாங்சோ ஆசிய விளையாட்டில் 10,000 மீட்டரில் கார்த்திக் குமார் வெள்ளியும் குல்வீர் சிங் வெண்கலமும் வென்றார்கள். மகிழ்ச்சி. ஆனால், இவர்கள் எங்கே தயாரானார்கள்? அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸில். அந்த ஊரின் உயரம் ஏறத்தாழ 1,840 மீட்டர். நம் குன்னூரின் உயரம் ஏறத்தாழ 1,850 மீட்டர். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் தங்கமும் வெள்ளியும் இந்தியாவுக்கு வந்தன. அதற்கு முன் நம் நடுத்தூர ஓட்டக்காரர்களுக்குப் பூட்டானின் திம்புவில் முகாம் போட்டார்கள். திம்பு உதகையைவிட ஏறத்தாழ நூறு மீட்டர்தான் உயரம்.

வீரர்கள் வெளிநாடு போவதை நாம் குறை சொல்லவில்லை. நல்ல பயிற்சியாளர், கூட ஓட நல்ல போட்டியாளர்கள், ரத்தம் பரிசோதிக்க ஆய்வகம் என எல்லாம் ஒரே இடத்தில் கிடைத்தால் அவர்கள் போகத்தான் வேண்டும். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலையும் நிலைக்கு அவர்களைத் தள்ளிய நிர்வாகத்தையே குற்றம் சாட்டுகிறோம்.

உதகைக்கு இதுவரை முகாம்களே வரவில்லை என்றும் சொல்ல முடியாது. தேசிய நெடுந்தூர ஓட்ட முகாம்கள் இங்கே நடந்திருக்கின்றன. பெலாரூஸ் நாட்டுப் பயிற்சியாளர் நிகோலாய் ஸ்னெசரேவின் கீழ் லலிதா பாபர், சுதா சிங் போன்றவர்கள் இந்த மலைச் சாலைகளில் ஓடிப் பயின்றவர்கள். அந்த லலிதா பாபர்தான் 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஸ்டீபிள்சேஸ் இறுதிக்குத் தகுதி பெற்றுப் பத்தாவது இடம் பிடித்தார். 1984-ல் பி.டி. உஷா ஓடியதற்குப் பின் ஒலிம்பிக் ஓடுதளத்தின் தனிநபர் பந்தயம் ஒன்றில் ஓர் இந்தியப் பெண் இறுதிக்கு வந்தது அதுவே முதல்முறை. இந்த மலை என்ன தர முடியும் என்பதற்கு வேறு ஆதாரம் எதற்கு? இருந்தும், முகாம் முடிந்தால் பயிற்சியாளர் பெட்டியைக் கட்டிக்கொண்டு இறங்கிவிடுகிறார். குறிப்பேடுகளும் அவருடனே போய்விடுகின்றன. எந்த வாரம் எந்த வீரரின் ஹீமோகுளோபின் எவ்வளவு ஏறியது, எந்தச் சரிவில் யாருக்குக் காயம் வந்தது என்ற பதிவுகளை ஆண்டுக்கணக்கில் சேர்த்து வைத்திருக்க வேண்டிய இடம் நீலகிரி. அந்த அறிவு இங்கே தங்கவேயில்லை.

உயரப் பயிற்சி என்பது மலையேறி மூச்சு வாங்க ஓடுவது மட்டுமல்ல. உதகையின் உயரத்தில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன், சமவெளியில் கிடைப்பதில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்குதான். அந்தக் குறையை உணர்ந்து சிறுநீரகம் எரித்ரோபாயட்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. எலும்பு மஜ்ஜை சிவப்பணுக்களைக் கூட்டுகிறது. மூன்று நான்கு வாரம் தங்கினால்தான் பலன் தெரியும். உடலில் இரும்புச் சத்து போதாதவருக்கு மலையில் எத்தனை நாள் இருந்தாலும் பலன் குறைவு. வேகப் பயிற்சியை உயரத்தில் முழு வீச்சில் செய்யவும் முடியாது. அதனால்தான் 'உயரத்தில் வாழ். தாழ்வில் ஓடு' என்ற முறையை 1990-களிலேயே ஆய்வாளர்கள் நிறுவினார்கள். அந்த முறைக்கு நீலகிரியைப்போல வாய்ப்பான இடங்கள் உலகிலேயே குறைவு. 46 கிலோமீட்டர் மலை ரயில் பாதையின் ஒரு முனையில் 326 மீட்டர் உயரத்தில் மேட்டுப்பாளையம். மறுமுனையில் 2,203 மீட்டர் உயரத்தில் உதகை ரயில் நிலையம். காலையில் கீழே இறங்கி வேகப் பயிற்சி முடித்து, பிற்பகலில் மேலே வந்து உறங்கலாம். இயற்கை இவ்வளவு கொடுத்த பிறகும் இதைத் திட்டமாக்கத் தெரியாத நிர்வாகத்துக்கு, ஒலிம்பிக்கில் பதக்கம் வரவில்லையே என்று வருத்தப்பட என்ன தகுதி இருக்கிறது?

இதைவிடப் பெரிய குற்றம் இந்த மலையின் பிள்ளைகளுக்கு இழைக்கப்படுகிறது. எஸ்டேட் லயன் வீடுகளில் பிறந்த பிள்ளைகள், தாயகம் திரும்பிய மலையகத் தமிழர்களின் பேரப்பிள்ளைகள், படுகர் ஹட்டிகளின் பிள்ளைகள், தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர் குடும்பங்களின் பிள்ளைகள் ஆகியோரில் பலர் இந்த உயரத்திலேயே பிறந்து, மேடும் பள்ளமுமாய் நடந்தே பள்ளிக்குப் போகிறவர்கள். எஸ்டேட் பகுதிப் பள்ளிகளில் மைதானம் என்பது பெரும்பாலும் சரிவை வெட்டிச் சமப்படுத்திய ஒரு துண்டு நிலம். பந்தைக் கொஞ்சம் ஓங்கி உதைத்தால் தேயிலைச் செடிக்குள் போய் விழும். அதைத் தேடி எடுப்பதிலேயே பாதி பீரியட் கழிந்துவிடும். அங்கே 400 மீட்டர் வட்டம் போட இடம் ஏது? அந்தப் பிள்ளை குறுவட்டப் போட்டியில் வெறுங்காலோடு ஓடி முதலாவதாக வரும். வருவாய் மாவட்டப் போட்டியிலும் வெல்லும். மாநிலப் போட்டிக்குப் போனதும், ஸ்பைக்ஸ் அணிந்து சிந்தெடிக் டிராக்கில் தினமும் பயில்கிறவர்களுக்கு நடுவே நின்று திகைக்கும். பிளஸ் டூ முடிந்ததும் ஓட்டமும் முடிந்துவிடும். பிறகு கொழுந்து பறிக்கும் வேலை, அல்லது திருப்பூருக்கோ கோவைக்கோ போகும் பேருந்து.

புதுக்கோட்டையைப் பாருங்கள். அங்கே மலை இல்லை. ஆனாலும், சாந்தி சௌந்தரராஜன், கோவிந்தன் லட்சுமணன், சூரியா லோகநாதன் என ஆசிய அளவில் ஓடியவர்கள் அந்த மண்ணிலிருந்து வந்தார்கள். கிராமத்துப் பிள்ளைகளைத் தேடிப் பிடித்து அதிகாலையில் மைதானத்துக்கு அழைத்து வரும் பயிற்சியாளர் அங்கே இருந்தார். நீலகிரியில் மலை இருக்கிறது, காற்று இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள். பயிற்சியாளரை அனுப்புவது அரசின் வேலை. அதைத்தான் செய்யவில்லை.

மே மாதம் வந்தால் மலர்க் காட்சிக்கும் கோடை விழாவுக்கும் மாதக்கணக்கில் முன்னேற்பாடு செய்யத் தெரிந்த அரசு இயந்திரம், ஓர் ஓட்டக்காரருக்கு அறை, உணவு, மருத்துவர் என்று வரும்போது கை விரிப்பது ஏன்? மலை நிலச்சரிவுக்கு ஆளாகக்கூடியது, கட்டுமானக் கட்டுப்பாடுகள் இருக்கின்றன என்ற பதில் வரலாம். உண்மைதான். 2009 நவம்பரில் நாற்பதுக்கும் மேற்பட்டோரைப் பலி கொண்ட நிலச்சரிவை இந்த மாவட்டம் மறக்கவில்லை. அதனால்தான் பிரம்மாண்ட விளையாட்டு நகரம் எதையும் நாம் கேட்கவில்லை. உதகை எச்.ஏ.டி.பி. மைதானம் போன்ற இருக்கும் இடங்களைச் சீர்செய்து, காலியாகக் கிடக்கும் அரசுக் கட்டடங்களை விடுதியாக மாற்றினாலே போதும். மரம் வெட்டாமல், மலையைக் குடையாமல் செய்யக்கூடிய காரியம் இது.

எனவே, திருத்த வேண்டியவற்றைத் தெளிவாகச் சொல்கிறோம். நீலகிரியில் உயரப் பயிற்சிக்காக இதுவரை அறிவிக்கப்பட்ட திட்டங்கள் எவை, ஒதுக்கிய தொகை எவ்வளவு, செலவானது எவ்வளவு, எந்த வேலை எந்த நிலையில் நிற்கிறது என்பதைத் தமிழ்நாடு அரசும் மத்திய விளையாட்டு அமைச்சகமும் ஒரே வெள்ளை அறிக்கையாக வெளியிட வேண்டும். இந்தியத் தடகள சம்மேளனமும் இந்திய விளையாட்டு ஆணையமும் நடுத்தூர, நெடுந்தூர ஓட்டத்துக்கும் நடைப் போட்டிக்கும் உதகையிலும் குன்னூரிலும் நிரந்தர முகாமை அமைக்க வேண்டும். உடலியங்கியல் வல்லுநர், பிசியோதெரபிஸ்ட், உணவியல் நிபுணர் ஆகியோரை மூன்று மாத ஒப்பந்தத்தில் அல்லாமல் முழுநேரப் பணியில் நியமிக்க வேண்டும். முகாமின் இடங்களில் ஒரு பங்கை இந்த மாவட்டப் பிள்ளைகளுக்கென ஒதுக்க வேண்டும். பழங்குடிப் பிள்ளைகளைச் சேர்க்கும்போது அரிவாள் அணு ரத்தசோகைப் பரிசோதனையைக் கட்டாயமாக்க வேண்டும். அந்தக் குறைபாடு இருப்பவர்களுக்கு உயரத்தில் கடும் பயிற்சி ஆபத்தாகலாம் என்பதை அலட்சியம் செய்யக் கூடாது. மாவட்டத்தின் ஒவ்வோர் உயர்நிலைப் பள்ளியிலும் உடற்கல்வி ஆசிரியர் பணியிடம் நிரம்பியிருப்பதைப் பள்ளிக் கல்வித் துறை உறுதி செய்ய வேண்டும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறோம். உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் 2023-ஆம் ஆண்டு அறிக்கையில் இந்தியாவில் எடுக்கப்பட்ட மாதிரிகளில் 3.8 சதவீதம் தடை செய்யப்பட்ட பொருள் இருப்பதைக் காட்டின. அதிக அளவில் பரிசோதிக்கும் நாடுகளில் இதுவே மிக மோசமான விகிதம். தொலைவான மலை முகாம்கள் பரிசோதகர்களின் கண்ணில் படாத இடமாகிவிடக் கூடாது. முன்னறிவிப்பில்லாத பரிசோதனை முதல் நாளிலிருந்தே இங்கே நடக்க வேண்டும். அதற்கு ஒப்புக்கொள்ளாத பயிற்சியாளருக்கு இந்த மலையில் வேலை இல்லை.

2030 காமன்வெல்த் போட்டியை அகமதாபாத்தில் நடத்தப் போகிறோம். 2036 ஒலிம்பிக்கையும் கேட்டிருக்கிறோம். அரங்கம் கட்டுவதில் காட்டும் வேகத்தில் கால் பங்கையாவது ஓடப் போகும் பிள்ளைகளிடம் காட்ட வேண்டாமா? இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் தலைமைப் பொறுப்பு பி.டி. உஷாவிடம் வந்திருக்கிறது. 1984 லாஸ் ஏஞ்சலிஸில் நூறில் ஒரு பங்கு விநாடியில் பதக்கத்தை இழந்தவர் அவர். வசதியில்லாத பயிற்சியின் விலை என்ன என்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அதே லாஸ் ஏஞ்சலிஸில் 2028-ல் ஒலிம்பிக் நடக்கிறது. வெள்ளை அறிக்கை மூன்று மாதத்துக்குள் வர வேண்டும். நிரந்தர முகாம் இந்த நிதியாண்டு முடிவதற்குள் தொடங்க வேண்டும். தொடங்காவிட்டால், அதற்குப் பொறுப்பான அமைச்சர்களும் அதிகாரிகளும் சம்மேளன நிர்வாகிகளும் நாடாளுமன்றத்திலும் சட்டமன்றத்திலும் பெயர் சொல்லிக் கேட்கப்படும் கேள்விகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.